உடம்புக்குக் கான்கிரீட், முகத்துக்கு இரும்பு

சொந்தமாக ஒரு சிறு மில்லிங் மெஷினோ சி.என்.சி. ரவுட்டரோ கட்ட நினைப்பவர் முதலில் முட்டி நிற்கும் இடம் அடித்தளம். மோட்டார், லீனியர் ரயில், பால் ஸ்க்ரூ, கண்ட்ரோலர் எல்லாம் பார்சலில் வந்துவிடும். கால் டன், அரை டன் வார்ப்பிரும்பு அப்படி வராது. வார்ப்படச் சாலைக்குப் போனால் மரத்தில் பேட்டர்ன் கேட்பார்கள். வார்த்து வந்ததைச் சீவி மட்டமாக்கப் பெரிய பிளேனர் வேண்டும். ஒரே ஒரு உருப்படிக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. சரி, இரும்புக் குழாயை வெட்டி வெல்டிங் வைத்துச் சட்டம் கட்டலாம் என்றால், வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஓட்டத் தொடங்கினால் சட்டம் முழுக்க அதிரும், வெட்டிய பரப்பில் அந்த அதிர்வு வரிவரியாகத் தெரியும்.

இதற்கு மாற்றாகப் பல நாடுகளில் ஆர்வலர்கள் கையாளும் வழி, உயர்வலிமைக் கான்கிரீட்டில் அடித்தளத்தை வார்த்துக்கொள்வது. 53 கிரேடு சிமெண்ட், சிலிகா ஃபியூம், தண்ணீரைக் குறைக்க சூப்பர் பிளாஸ்டிசைசர், நல்ல ஜல்லி, கொஞ்சம் கம்பி. பெட்டி அடித்து ஊற்றினால் மறுநாள் பெட்டியைப் பிரித்துவிடலாம்.

போடிநாயக்கனூரிலும், மேலே ஏலமலைத் தோட்டங்களிலும் இந்த வழி எடுபடுமா என்று பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏலக்காய்ச் சல்லடை, காப்பிப் பல்பர், மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயர், உலர்த்தும் ஸ்டோரின் புளோயர் என்று மலை முழுக்க இயந்திரங்கள் ஓடுகின்றன. தேய்ந்த ஒரு புஷ், ஒரு ஷாஃப்ட், ஒரு புல்லிக்காகச் சீசன் நேரத்தில் கடைசல் பட்டறையைத் தேடி மலை இறங்குவது வீண் அலைச்சல். மேலேயே ஒரு சிறு இயந்திரம் இருந்தால் நல்லதுதான். அந்த இயந்திரம் கான்கிரீட்டில் நிற்கலாமா? நிற்கலாம். ஆனால் அதற்குச் சொல்லப்படும் முதல் காரணமான வலிமை, இந்த வேலைக்குக் கிட்டத்தட்டத் தேவையே இல்லாத குணம். தேவையான குணம் அசையாமை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் இந்த வழக்கத்தின் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

புதிய யோசனை இல்லை

கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜினுக்குப் பேஸ் கட்டிய எந்தக் கொத்தனாருக்கும் இதன் பாதி தெரியும். குழி வெட்டி, பவுண்டேஷன் போல்ட்டை நிறுத்தி, கான்கிரீட் போட்டு இன்ஜினை இறுக்கிவிட்டால் ஆட்டம் அடங்கும். அங்கே கான்கிரீட்டின் வேலை கனமாகக் கிடப்பது மட்டும். இயந்திரத்தின் உடம்பாகவே அதை ஆக்குவது அடுத்த படி.

அந்தப் படியை முதல் உலகப் போர் எடுக்க வைத்தது. பீரங்கிக் குண்டு கடையும் லேத்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவில் லூசியன் யோமன்ஸ் என்ற பொறியாளர் கான்கிரீட் உடம்பு கொண்ட லேத்துகளைக் கட்டினார். பெரிய இரும்பு வார்ப்புகளுக்குக் காத்திருக்காமல் கான்கிரீட்டை ஊற்றி, துல்லியம் வேண்டிய உலோகப் பாகங்களை அதன்மேல் நேர்பார்த்துப் பொருத்துவது அவர் முறை. இன்று ஸ்விட்சர்லாந்தின் ஸ்டூடர் நிறுவனம் தன் கிரைண்டிங் மெஷின்களின் அடித்தளத்தை ‘கிரானிட்டன்’ என்ற கனிம வார்ப்பில் செய்கிறது. கல்துகளைச் சிமெண்டுக்குப் பதில் எபாக்சியில் பிணைப்பது அந்த வகை. நம் பக்கத்தில் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் லேத் படுக்கைக்கும் மெஷினிங் சென்டர் அடித்தளத்துக்கும் எபாக்சி கிரானைட்டை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். அதிர்வை அது நன்றாகத் தணிக்கும். ஆனால் விறைப்பில் வார்ப்பிரும்பை எட்டாது என்பதால், உள்ளே எஃகு வைத்து வலுவூட்டும் வடிவங்களை அவர்கள் ஆராய வேண்டியிருந்தது.

ஆக, ஆலைக்காரர்களும் ஆய்வாளர்களும் கைவைத்த வழிதான் இது. அவர்களிடம் இருந்த எச்சரிக்கை வீட்டில் ஊற்றுபவரிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மலைக்கு ஏற்ற குணங்கள்

முதல் நன்மை போக்குவரத்து. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேல் எஸ்டேட் ரோடு, அதற்கும் மேல் ஜீப் மட்டுமே போகும் தடம். இந்த மலை எப்போதும் சரக்கைப் பிரித்துச் சுமந்த மலை. மூணாறு தேயிலையை 1902இல் தொடங்கிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் டாப் ஸ்டேஷன்வரை கொண்டுவர, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிப் பக்கம் இறக்கி, போடி வழியே வெளியே அனுப்பினார்கள். 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையைக் கொண்டுபோனது. 300 கிலோ வார்ப்பை ஒரே துண்டாக ஜீப்பில் ஏற்றி இறக்குவது ஆபத்தான வேலை. கான்கிரீட் என்றால் சிமெண்ட் மூட்டையாகவும் ஜல்லிச் சாக்காகவும் ஏறி, நிற்க வேண்டிய இடத்திலேயே கல்லாகிவிடும். 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், கால் மீட்டர் கனம் உள்ள ஓர் அடித்தளம் ஏறத்தாழ 300 கிலோ. அதற்கு ஒரு மூட்டைக்குச் சற்று மேல் சிமெண்ட் போதும்.

இரண்டாவது நன்மை அதிர்வு. கான்கிரீட்டுக்குள் கல், மணல், சிமெண்ட் பசை, நுண்ணிய துவாரங்கள் என்று பல பொருள்கள் கலந்து கிடப்பதால் அதிர்வு அங்கங்கே உராய்ந்து அடங்கிவிடும். வெல்டிங் செய்த எஃகுச் சட்டத்தில் அது நீண்ட நேரம் ஓடும். கட்டர் பொருளைக் கடிக்கும்போது எழும் கீச்சொலி குறைந்தால் பரப்பு வழவழப்பாகும், கட்டரின் ஆயுளும் கூடும்.

மூன்றாவது நன்மை வெப்பம். கான்கிரீட் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். போடியின் உச்சிவெயிலில் தகரக் கூரை கொதித்தாலும் கால் மீட்டர் கனமுள்ள கட்டை சட்டென்று மாறாது. சூட்டில் அது நீளும் அளவும் எஃகு, வார்ப்பிரும்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் எஃகு ரயிலை அதன்மேல் இறுக்கும்போது இரண்டும் பெரிதாக இழுத்துக்கொள்ளாது. இந்தப் பொருத்தம் அலுமினியத்துக்குக் கிடையாது. அது கான்கிரீட்டைப் போல இரு மடங்குக்கும் மேல் நீளும்.

வலிமைக் கணக்கு

இனி அந்த ‘உயர்வலிமை’. மேலே சொன்ன அடித்தளத்தை இரு முனையிலும் தாங்கி, நடுவில் 500 நியூட்டன், அதாவது 50 கிலோ அளவு விசை கொடுப்போம். சிறு இயந்திரத்தின் வெட்டு விசைக்கு இது தாராளம். கட்டையில் எழும் வளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 0.024 நியூட்டன். எம்60 தரக் கான்கிரீட் வளைவில் உடைய, கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 கணக்குப்படி 5.4 நியூட்டன் வேண்டும். இருநூறு மடங்குக்கு மேல் கையிருப்பு. வீட்டுக்கு ஊற்றும் எம்20 கலவைக்கே 3.1 நியூட்டன் தாங்கும் திறன் உண்டு. அதாவது நூற்று முப்பது மடங்கு. உடையுமோ என்ற பயத்தில் கலவையை உயர்த்துவதற்கு இங்கே இடமே இல்லை.

சரி, விறைப்பாவது கூடுமல்லவா? கூடும், ஆனால் தயங்கித் தயங்கி. அதே விதிநூலின்படி விறைப்பு, வலிமையின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். எம்40இலிருந்து எம்80க்குப் போனால் வலிமை இரட்டிப்பு. விறைப்பு 41 விழுக்காடுதான் கூடும். உயர்வலிமைக் கலவைகளுக்கு இந்தச் சூத்திரம் சற்று மிகையாகவே காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எம்60 கான்கிரீட்டின் விறைப்பு வார்ப்பிரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதை ஈடுகட்ட மலிவான வழி ஒன்று உண்டு: கனத்தைக் கூட்டுவது. வளைவுக்கு எதிரான விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம் வைத்தால் கணக்கு சமமாகிவிடும். இன்னும் இரண்டங்குலம் உயரமாகப் பெட்டி அடிப்பது, இன்னும் ஒரு மருந்து வாங்கிக் கலப்பதைவிடப் பலன் தரும்.

விறைப்பைத் தருவது சிமெண்டைவிடக் கல்தான். கான்கிரீட்டின் பருமனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஜல்லியும் மணலும். போடி மேற்கு மலையின் பாறை சார்னோகைட். பொட்டிப்புரம் அருகே நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் தேர்ந்தபோது அடிக்கடி பேசப்பட்ட அதே கெட்டியான, கனமான கருங்கல் வகை. அந்த வகைக் கருங்கல் ஜல்லியை நன்கு கழுவி, பெருஞ்ஜல்லி, சிறுஜல்லி, எம் சாண்ட் என்று இடைவெளி விடாமல் அடுக்கும் அளவில் கலந்தால், இறக்குமதிப் பொடி எதுவும் தராத பயன் கிடைக்கும். ‘சிமெண்டைக் கூட்டிப் போட்டால் பலம்’ என்ற பேச்சு இங்கே கேடு. சிமெண்ட் கூடினால் பசை கூடும், பசை கூடினால் சுருக்கம் கூடும்.

உயர்வலிமைக் கலவைக்கு ஒரு நியாயமான பயன் உண்டு. போல்ட் இறங்கும் இடத்திலும் விளிம்புகளிலும் கான்கிரீட் பொரிந்துபோகாது. தண்ணீர் குறைவாக இருப்பதால் எண்ணெயும் கூலன்ட்டும் எளிதில் ஊறாது. இவை போதுமான காரணங்கள். இவற்றுக்கு எம்40, எம்50 போதும்.

சுருங்கும் உடம்பு

இந்த வழக்கத்தின் பெரிய குறை, வார்த்த வடிவம் வார்த்தபடி நிற்பதில்லை. சோதனை விவரம் கையில் இல்லாதபோது கான்கிரீட்டின் மொத்தச் சுருக்கத்தை 0.0003 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஐ.எஸ். 456. ஒரு மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர். கட்டடத்துக்கு இது பொருட்டே இல்லை. இயந்திரப் படுக்கைக்கு நாம் எதிர்பார்ப்பது 0.01, 0.02 மில்லிமீட்டர் நேர்த்தி.

நீளம் குறைவதைக்கூடப் பொறுக்கலாம். வளைவதுதான் சிக்கல். ஊறிய பலகையை வெயிலில் போட்டால் காய்ந்த பக்கம் உள்வாங்கி வளைகிறதே, அதுதான் இங்கும் நடக்கிறது. அடிப்பக்கம் தரையோடு ஒட்டி ஈரமாக இருக்க, மேற்பக்கம் காற்றில் காயும். மேலும் கீழும் சுருக்கத்தில் 0.0002 வித்தியாசம் வந்தாலே, ஒரு மீட்டர் நீளக் கட்டை நடுவில் 0.1 மில்லிமீட்டர் வளைந்துவிடும். தேவைப்பட்ட நேர்த்தியைப் போல இது ஐந்து முதல் பத்து மடங்கு. மேற்பரப்பில் எஃகுத் தகடு பதித்து வார்ப்பவர்கள் இதையே வேறு வழியில் வரவழைத்துக்கொள்கிறார்கள். தகடு சுருங்காது, கீழே கான்கிரீட் சுருங்கும். இரண்டும் பிணைந்திருப்பதால் கட்டை வில்லாகும்.

தண்ணீரைக் குறைத்தால் காய்ந்து சுருங்குவது குறையும், உண்மைதான். ஆனால் தண்ணீர் மிகக் குறைந்த கலவைகளில் இன்னொரு சுருக்கம் தலைதூக்கும். சிமெண்ட் வினைபுரியும்போது உள்ளிருக்கும் நீரைத் தானே உறிஞ்சிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே வற்றும். வெளியே நனைத்துவிடும் தண்ணீர் அந்த இறுக்கமான உடம்புக்குள் இறங்காது. உயர்வலிமையைத் தேடிப் போனவர் சுருக்கத்திலிருந்து முழுதாகத் தப்புவதில்லை, ஒன்றை விட்டு இன்னொன்றில் சிக்குகிறார்.

28 நாள் என்ற கெடுவும் ஏமாற்றும். அது வலிமை சோதிக்கும் நாள். ஈரம் வெளியேறும் வேகம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கால் மீட்டர் கனமுள்ள கட்டை அடங்க மாதக் கணக்கு போதாமல் ஆண்டுக் கணக்காகும். 28ஆம் நாளில் ரயிலை இறுக்கி, டயல் கேஜ் வைத்து, நேராக இருக்கிறது என்று மகிழ்ந்தவர், அடுத்த கோடையில் அதே கேஜை வைத்தால் வேறு எண்ணைப் பார்ப்பார்.

கீழே காற்று, மேலே ஈரம்

இங்கேதான் இடத்தின் குணம் நுழைகிறது. ஆனி, ஆடியில் மலைக் கணவாய்கள் வழியே தேனிப் பள்ளத்தாக்கில் இறங்கும் காற்று, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்புறம் கொட்ட, இந்தப்புறம் வருவது பெரும்பாலும் காற்றுதான். அந்த நாளில் திறந்த கொட்டகையில் கான்கிரீட் ஊற்றினால், இறுகுமுன்பே மேல்தோல் காய்ந்து மயிரிழை வெடிப்புகள் ஓடும். ஈரச்சாக்கு மட்டும் போதாது. ஊற்றிய சிறிது நேரத்திலேயே பாலித்தீன் தாளால் மூட வேண்டும்.

மலைமேல் பூப்பாறை, வண்டன்மேட்டுப் பக்கம் நிலைமை தலைகீழ். மழையும் மூடுபனியுமாக நனைத்துவிட ஆளே வேண்டாம், கியூரிங் தானாக நடக்கும். ஆனால் அந்த ஈரத்தில் கட்டை காயாமல் பொய்யாக நேராக நிற்கும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை 50 டிகிரி அளவில் சூடேற்றும் சீசனில், அதை ஒட்டிய கொட்டகையில் இயந்திரம் இருந்தால் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் மலைக் குளிர். கான்கிரீட் ஈரத்தை இழந்தால் சுருங்கும், திரும்ப உறிஞ்சினால் ஓரளவு உப்பும். ஆண்டு முழுவதும் இந்த மூச்சு ஓயாது. இதற்கு ஒரே தடுப்பு, போதுமான காலம் ஆறவிட்டு, ஆறு பக்கமும் எபாக்சி பெயின்ட் அடித்து ஈரத்தின் போக்குவரத்தை அடைப்பது. அடிப்பக்கத்தை விட்டுவிட்டு மற்ற ஐந்துக்கும் அடித்தால் வளைவை நாமே அழைத்ததாகும்.

ஆட்டம் எங்கே இருக்கிறது

இன்னொரு குறை கான்கிரீட்டுடையது இல்லை, கட்டுபவருடைய கணக்கில் உள்ளது. சொந்தமாகக் கட்டிய ரவுட்டர் ஒன்றின் அடித்தளத்தில் ஸ்டாண்டை அசையாமல் நிறுத்தி, டயல் கேஜின் முனையை ஸ்பிண்டில் மூக்கில் தொடவைத்து, ஸ்பிண்டிலைக் கையால் பத்துக் கிலோ விசையில் தள்ளிப் பாருங்கள். மெல்லிய அலுமினியச் சட்டத்தில் குறுக்குத்தூண் நின்றால் முள் 0.1 மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம். அதே விசையில் நாம் கணக்கிட்ட கான்கிரீட் கட்டை நகரும் அளவு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆட்டம் முழுவதும் குறுக்குத்தூணிலும் ஸ்பிண்டில் தாங்கும் தகட்டிலும் போல்ட் இணைப்புகளிலும் இருக்கிறது. அடியில் 300 கிலோவை 600 ஆக்கினாலும் முள் அதே 0.1ஐத்தான் காட்டும். பணமும் எடையும் அளவாகக் கீழே போய், மிச்சம் மேலே போக வேண்டும். தடித்த எஃகுக் குழாயைக் குறுக்குத்தூணாக்கி அதற்குள் சிமெண்ட் கலவையை அடைப்பது, அடித்தளத்தில் இன்னும் ஒரு மூட்டை போடுவதைவிடக் கெட்டிக்காரத்தனம்.

திருத்த முடியாமையும் கணக்கில் வர வேண்டும். வெல்டிங் சட்டத்தில் தவறிய துளையை அடைத்து வேறு துளை போடலாம். வார்ப்பிரும்பை மறுபடி சீவலாம், சுரண்டலாம், கடைசியில் எடைக்காவது போடலாம். கான்கிரீட்டில் இடம் மாறிப் பதிந்த போல்ட் நிரந்தரம். உடைத்தால் குப்பை. அலுமினியத் துண்டுகளைக் கான்கிரீட்டில் நேரடியாகப் பதிப்பதும் கூடாது. ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் குமிழிகளை எழுப்பும். பிடிப்பு வேண்டிய இடத்திலேயே ஓட்டை விழும். எஃகுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்தக் காரம் அதைத் துருவிலிருந்து காக்கவே செய்யும்.

தீர்ப்பு

யோமன்ஸ் காலத்திலிருந்து ஆலைகள் கடைப்பிடிக்கும் பாடம் ஒன்றுதான்: கான்கிரீட்டிடம் கனத்தையும் அமைதியையும் கேளுங்கள், நேர்த்தியைக் கேட்காதீர்கள். வீட்டில் ஊற்றுபவர்கள் பெட்டியின் அடியில் கண்ணாடி வைத்து வார்த்து, பளபளக்கும் அந்தப் பரப்பில் நேரே ரயிலை இறுக்கும் இடத்தில்தான் வழக்கம் பிழைபடுகிறது. பளபளப்பு மட்டமாகாது. வார்ப்பு அடங்கியபின், ரயில் உட்காரும் இடத்தில் எஃகுப் பட்டைகளை வைத்து, நம்பத்தகுந்த கிரானைட் மட்டப் பலகையோடு ஒப்பிட்டு நேராக்கி, அடி இடைவெளியில் எபாக்சி ஊற்றி நிரப்ப வேண்டும். பட்டைகளைத் திருகால் ஏற்றி இறக்கும் வசதியும் வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு உடம்பு அசைந்தாலும் முகத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

இந்த நிபந்தனைகளோடு பார்த்தால், மரம், பிளாஸ்டிக், அலுமினியம் வெட்டும் ரவுட்டருக்கும் சிறு துளையிடும் இயந்திரத்துக்கும் கான்கிரீட் அடித்தளம் நல்ல தேர்வு. மலைத் தோட்டத்துக்கு மிக நல்ல தேர்வு. ஷாஃப்டைப் பேரிங் பொருத்தத்துக்குக் கடைய வேண்டிய லேத் வேண்டுமென்றால், பழைய வார்ப்பிரும்பு லேத் ஒன்றை வாங்கி, அதன் காலடியில் கான்கிரீட் போடுவதே புத்திசாலித்தனம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஒரே அளவில் மூன்று கட்டைகளை வார்த்து, ஒன்றுக்குப் பெயின்ட் அடித்து, ஒன்றை அப்படியே விட்டு, மூன்றாவதை மலைமேல் ஒரு தோட்டத்தில் வைத்து, மாதம் ஒருமுறை வளைவை அளந்து தமிழில் வெளியிட்டால், மாணவர் திட்டப்பணிக்கு அதைவிடப் பயனுள்ள தலைப்பு கிடைக்காது. அதுவரை ஊற்றத் துணிபவர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: தண்ணீரை அளந்து விடுங்கள், ஜல்லியைப் பார்த்து வாங்குங்கள், வார்த்த கட்டையை ஒரு கோடையும் ஒரு மழையும் பார்க்க விடுங்கள். அதன்பிறகு ரயிலை இறுக்குங்கள்.